குடைக்கார மாமா வலை வீசிய விவரம்

அன்பு மருமகள் பாப்பாவுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், கடை சுகம், மழை வராததால் குடைகள் மட்டும் கொஞ்சம் மனத்தாங்கலில் இருக்கின்றன. உன் அப்பா சுகத்துக்குப் பக்கத்து வீடு வரைக்கும் வந்துவிட்டார். அங்கே நீயும், உன் வீட்டுக்காரரும், ஆகாசத்தில் தொங்குகிற உங்கள் வீடும், அதற்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற லிஃப்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

முதல் காரியமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். வலை விரியும் என்றேன், விரிந்தது. என் அத்தான், அதாவது உன் அப்பா, ஒரு நாள் வாயைத் திறப்பார் என்றேன், திறந்தார். என் பல்செட்டு தண்ணீரில் போகும் என்றுகூட மனசில் ஒரு மூலையில் பட்டது. அதை வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். இதையெல்லாம் யாரிடம் சொன்னீர்கள் மாமா என்று கேட்காதே. சொல்வதுதான் முக்கியம். பக்கத்தில் ஆள் இருந்ததா இல்லையா என்பது அடுத்த கேள்வி. போனில் பேசலாமே என்பாய். போனில் பேசினால் நடுவில் நடுவில் "மாமா, நிஜத்தைச் சொல்லுங்க" என்று பிரேக் போடுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே ஓட்டமாக ஓடலாம்.

உன் அப்பா எப்படி இருந்தார் என்பதை நீ போன தடவை வந்தபோது பார்த்தாய். நீ போன பிறகு எப்படி இருந்தார் என்பது எனக்குத்தான் தெரியும். கண் டாக்டர் ஒரு பக்கத்துப் பார்வை போய்விட்டது, இனிமேல் பஸ் ஸ்டீரிங்கைத் தொடக் கூடாது என்று சொன்ன நாளிலிருந்து மனுஷன் மாடி அறையில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தவர்தான். சாப்பிட்டாயா என்றால் "ம்." காற்று வருகிறதா என்றால் "ம்." வீடு பற்றி எரிகிறது என்றாலும் "ம்"தான். ஆனால் கால் சும்மா இருக்காது பாப்பா. எதிரே யாராவது குறுக்கே ஓடினால் வலது கால் தரையை அழுத்தும். ஒரு பூனை ரோட்டைக் கடந்தால்கூட அவர் மாடியிலிருந்து பிரேக் போடுவார். பூனை பிழைத்துக்கொள்ளும், அவருடைய கால்தான் வீங்கிப்போகும். மத்தியானம் கண் அசந்தால் உதடு மட்டும் அசையும். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து குடைத்துணி தைத்துக்கொண்டே ஒரு நாள் காதைக் கொடுத்துக் கேட்டேன். "ரெட்டைப் பாலம்... ஆஸ்பத்திரி... மரக்கடை... மரக்கடை இறங்கு..." என்று நிறுத்தம் நிறுத்தமாகப் போய்க்கொண்டிருந்தார். வெயில் ஜன்னல் வழியாக வந்து என் மடியில் இருந்த கறுப்புத் துணியில் படுத்துக்கொண்டது. எங்கேயோ குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். நானும் அந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன் போலிருக்கிறது. முழித்துப் பார்த்தால் சாயங்காலம். எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று தெரியாமல் ஊசியைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதே முடிவு செய்தேன், இந்த மனுஷனை அந்த பஸ்ஸிலிருந்து இறக்க ஒருவனால்தான் முடியும், அவன் குடைக்கடையில் இருக்கிறான் என்று.

இப்போது வலை எப்படி வந்தது என்பதைக் கேள். நம் தெரு முனையில் மீன் விற்கிற அம்மாவை உனக்கு நினைவிருக்கும். சங்கு என்று பெயர் வைத்திருக்கிறோம். மில் சங்கு ஊதினால்கூடச் சிலபேர் எழுந்திருக்க மாட்டார்கள். இந்தம்மா "மீனோய்" என்று ஒரு குரல் கொடுத்தால் சுவரில் ஆணி கழன்று விழும். வாங்கி விற்கிற ஆள் இல்லை. ஆறு கடலோடு சேருகிற இடத்தில் விடியற்காலையில் தானே வலை வீசிப் பிடித்து, அதே தோளில் வலையைப் போட்டுக்கொண்டு வந்து விற்பவள். அன்றைக்குக் கூடைக்கு மேலே பிடிக்கிற பெரிய குடையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். கம்பி ரெண்டு ஒடிந்திருந்தது. நான் வாங்கி, பார்த்து, சரி பண்ணித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஆண்டவன் வாய் என்று ஒன்றை எதற்குக் கொடுத்திருக்கிறான்?

"வலைங்கறது என்னம்மா? கம்பி இல்லாத குடை. அவ்வளவுதானே?" என்றேன்.

"அப்படியா? அப்ப உங்க குடையை எடுத்துக்கிட்டு வாங்க, ஆத்துல வீசிப் பாப்போம்."

"விரியறதுதாம்மா சூட்சுமம். நடுவுல ஒரு புள்ளி, சுத்தி ஒரு வட்டம். அந்தக் கணக்கு என் கைக்குள்ள இருக்கு. விரிச்சுட்டா மீன் தானா வந்து உக்காரும்."

"மீன் என்ன உங்க மாமியார் வீட்டு ஆளா, பாயை விரிச்சதும் வந்து உக்கார?"

"எனக்கு மாமியார் வீடே கெடையாது."

"அதான் பேச்சு இவ்வளவு நீளமா இருக்கு. கேக்க ஆள் இல்ல." கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வட்டமா வீசிக் காட்டுங்க. அன்னையிலேர்ந்து உங்க கடை வாசல்ல நான் கத்தறதை விட்டுடறேன்."

தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது பாப்பா. நான் மிகைப்படுத்தவில்லை, சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டார். அப்போதுதான் நான் தற்செயலாக மேலே பார்த்தேன். மாடி ஜன்னலில் அத்தான். எந்நேரமும் ரோட்டையே பார்க்கிறவர், சங்கு தோளில் கிடந்த வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரம் சொட்டச் சொட்ட, வெயிலில் மினுமினுவென்று கிடந்தது அது. ஒரு சைக்கிள்காரன் குறுக்கே போனான். அத்தான் பிரேக் போடவில்லை.

அந்த ஒரு காட்சிக்காகத்தான் சரி என்றேன். பெருமைக்காக இல்லை. பெருமையும் ஒரு ஓரமாக இருந்தது, ஆனால் அது எப்போதும் இருப்பதுதானே.

சங்கு தன்னுடைய பழைய வலை ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். "கிழிஞ்சா நானே பாத்துக்கறேன். உங்க இடுப்பு கிழிஞ்சா நீங்க பாத்துக்குங்க" என்றாள். வலை என்பது பார்க்கப் பாவமாக இருக்கும், ஒரு மூட்டை நூல். உச்சியில் ஒரு கயிறு; அதன் நுனியில் ஒரு சுருக்கு, அதை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். கீழே ஓரம் முழுக்க ஈயக்குண்டுகள். வீசினால் குண்டுகள் தங்கள் பாரத்தில் நாலாபக்கமும் ஓடி வலையை விரித்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழ வேண்டும், பிறகு கீழே மூடிக்கொள்ள வேண்டும். நான் விஞ்ஞானப்படி யோசித்து, முதலில் தரையில் பழகுவது என்று பின்கட்டு முற்றத்துக்கு எடுத்துப் போனேன். முதல் வீச்சு அவரைக்காய் மாதிரி போய் விழுந்தது. இரண்டாவது சுருட்டின பாய் மாதிரி. அடுத்ததில் பின்வீட்டு டீச்சரம்மா காயப்போட்டிருந்த கொடியே வந்துவிட்டது. போர்வை, தலையணை உறை, அவர்கள் வெளியே சொல்ல விரும்பாத இன்னும் சில துணிகள். "என்னங்க இது, கேட்டா நானே குடுக்க மாட்டேனா?" என்று அந்தம்மா மாடியிலிருந்து கேட்டார்கள். பிறகு ஒரு கோழி. கோழி தானாகவே வந்தது என்றுதான் நான் சொல்வேன். பிறகு கொஞ்சம் களைப்பாகி, வலையைத் தோளில் போட்டபடியே முற்றத்துக் கல்லில் உட்கார்ந்தேன். கடைக்குள் கூரையிலிருந்து தொங்குகிற குடைகள் எல்லாம் காற்றில் மெதுவாகச் சுழன்றன, தலைகீழாகத் தூங்குகிற வௌவால்கள் மாதிரி. அவை எல்லாம் ஒரே நேரத்தில் விரிந்து, கதவு வழியாக ஒவ்வொன்றாக வெளியே வந்து, முற்றத்துக்கு மேலே வட்டம் வட்டமாக மிதப்பது போல ஒரு தோற்றம். அத்தனையும் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கின்றன. அந்தத் தோற்றம் மனசில் இருக்கும்போதே எழுந்து கண்ணை மூடிக்கொண்டு வீசினேன். அற்புதமான வட்டம்! கண்ணைத் திறந்து பார்த்தால் அந்த வட்டத்துக்கு நடுவில் தபால்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"கதவைத் தட்டினா வாங்கிக்க மாட்டீங்களா? புடிச்சுத்தான் வாங்கணுமா?" என்று வலைக்கண் வழியாகவே ஒரு கவரை நீட்டினார். அது உன் கடிதம்.

படித்தேன். நீ எழுதியதை எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் நான் சரியாகப் படித்தேன் என்பதற்காகச் சொல்கிறேன். "ஞாயிற்றுக்கிழமை வர்றேன் மாமா. அப்பாவை என்னோட கூட்டிட்டுப் போறேன். அப்பா தன் வாயால 'நான் வரல'ன்னு சொன்னா மட்டும்தான் விடுவேன். அவர் சொல்லணும், நீங்க சொல்லக் கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதுங்க, ஜரிகை வேண்டாம்." நல்ல கடிதம். எழுத்தும் உன் அம்மா எழுத்து மாதிரியே வலது பக்கம் சாய்ந்து ஓடுகிறது. என் அக்கா போன பிறகு அந்தச் சாய்வை நான் உன் கடிதத்தில்தான் பார்க்கிறேன். ஆனால் "அவர் சொல்லணும்" என்று நிபந்தனை போட்டாயே, ஊமையைப் பாட்டுப் போட்டியில் சேர்த்த மாதிரி. அவர் சொல்வது ஒரே எழுத்து. அதைக்கொண்டு வரலாம் என்றும் அர்த்தம் பண்ணலாம், வரவில்லை என்றும் பண்ணலாம். கடிதத்தைக் கொண்டுபோய் அத்தான் மடியில் வைத்தேன். நல்ல கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு மெதுவாகப் படித்தார். மடித்தார். சட்டைப்பையில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் காத்திருந்தேன். கீழே சலூன் ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது. அதுவும் முடிந்தது.

"என்ன அத்தான், பாப்பாவுக்கு என்ன எழுதட்டும்?" என்றேன்.

"ம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் போய்விட்டால் இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் நினைத்ததாக நீ நினைக்காதே. நினைத்தது அவரைப் பற்றித்தான். உன் வீட்டு ஜன்னலில் ரோடு தெரியுமா? அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் பஸ் எல்லாம் தீப்பெட்டி மாதிரி இருக்கும். எதற்கென்று பிரேக் போடுவார்? ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் வாயைத் திறக்க வைப்பது என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியும் நேரத்தில் மாடிக்குப் போய், "அத்தான், சங்குகிட்ட வாக்கு குடுத்துட்டேன். ஆத்துக்குப் போறேன். எனக்கு நீச்சல் தெரியாது. முழுகிட்டா கரையில நின்னு கத்தறதுக்கு ஒரு ஆள் வேணும்" என்றேன். (நான் முன்பு வெள்ளத்தில் நீந்தி ஒரு எருமையைக் காப்பாற்றிய கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது வேறு தண்ணீர்.) பேசாத மனுஷனைக் கத்துவதற்குக் கூப்பிட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஆனால் அத்தான் எழுந்தார். செருப்பைத் தேடி மாட்டினார். பழைய காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கடைவாசலில் சரி பண்ணி வைத்திருந்த சங்குவின் பெரிய குடையையும் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். தெரு சரிவில் இறங்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் கை லேசாக வளைந்தது.

ஆற்றை நீ அந்த நேரத்தில் பார்த்ததில்லை பாப்பா. தண்ணீர் எங்கே முடிகிறது, பனி எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. அக்கரை இருக்கிறதா என்றே சந்தேகம். கரையில் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது, அதுவும் இன்னும் எழுந்திருக்கவில்லை. தூரத்தில் யாரோ துடுப்பால் தட்டுகிற சத்தம், தட்டின ஆள் போன பிறகு வந்து சேர்கிற மாதிரி மெதுவாக வந்தது. முழங்கால் தண்ணீரில் சங்கு நின்றிருந்தாள். கால் தெரியவில்லை, பாதிக்கு மேலேதான் ஆள். அந்த இடத்தில் அந்தம்மாவே தாழ்ந்த குரலில்தான் பேசினாள். அது எனக்குப் பயமாக இருந்தது.

"வாங்க பெரியவரே. ஆள் கூட்டிட்டு வந்திருக்கீங்க, சாட்சிக்கா?"

"கை தட்டறதுக்கு."

"பாப்போம். சுருக்கை மணிக்கட்டுல மாட்டுங்க. பாதி வலையை இந்தத் தோள்ல போடுங்க. மீதியை அந்தக் கையில. இப்ப ஈயக்குண்டு ஓரத்துல ஒரு இடத்தைப் பல்லால கடிங்க. ம்... நல்லா கடிங்க. உடம்பை அந்தப் பக்கம் திருப்பி, திரும்பி வர்ற வேகத்துல கையை விடணும், அதே நேரம் வாயைத் தொறக்கணும். அதான் முக்கியம். வாயைத் தொறக்கலேன்னா வலை விரியாது."

ஓரத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "வாயைத் தொறக்கறதா? அது எனக்குப் பொறவியிலேயே வந்தது" என்றேன்.

"அதுல எனக்குச் சந்தேகமே இல்ல" என்றாள்.

முதல் வீச்சுகளைப் பற்றி எழுதிப் பக்கத்தை வீணாக்க வேண்டாம். ஒன்றில் வலை போகாமல் நான் போனேன். ஒன்றில் வலை என் தலையிலேயே விழுந்து, கொஞ்ச நேரம் உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. கரையில் அத்தான் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார், வெயிலும் இல்லை மழையும் இல்லை. பிறகு நான் என் குடைத் தொழிலின் சகல அனுபவத்தையும் ஒன்று திரட்டி, ஓரத்தைக் கெட்டியாகக் கடித்து, இடுப்பைத் திருப்பி, வீசினேன். வாயையும் திறந்தேன். சொன்னபடி முழுசாகத் திறந்தேன். ஈயக்குண்டு பல்செட்டில் மாட்டிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? வலை போனது. பனிக்குள் பனியாக, சத்தமே இல்லாமல், பௌர்ணமி நிலா மாதிரி விரிந்து போனது. அதன் ஓரத்தில் என் மேல்வரிசை, கீழ்வரிசை ரெண்டும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தன. பாப்பா, என்னுடைய சிரிப்பு என்னை விட்டுவிட்டுத் தனியாக ஆற்றுக்கு மேலே பறந்து போவதை நான் பார்த்தேன். அது ரொம்ப நேரம் பறந்தது. சந்தோஷமாகப் போன மாதிரிதான் இருந்தது. பிறகு ஒரு சின்ன 'ப்ளக்'.

"என்ன பெரியவரே, எதையோ விட்டுட்டீங்க போல?" என்றாள் சங்கு.

பல் இல்லாமல் பதில் சொல்ல நான் விரும்பவில்லை. கௌரவமாகக் கயிற்றைப் பிடித்து மெல்ல மெல்ல இழுத்தேன். வலை வந்தது. ஒரு செருப்பு, கொஞ்சம் இலை, ஒரு நண்டு, அப்புறம் ஒரு முழ நீளக் கெண்டை. அந்தக் கெண்டை என் பல்செட்டை வாயில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கவில்லை என்று சங்கு சொல்வாள். பக்கத்தில் கிடந்தது என்பாள். கெண்டையே இல்லை என்றுகூடச் சொல்லுவாள். அவளுக்கு அந்தக் கோணத்திலிருந்து தெரியவில்லை.

"இவ்வளவு நேரம் வீசிப் புடிச்சது உங்க வாயைத்தானா?" என்று அந்தம்மா கேட்டாள்.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம். குளிர்காலத்தில் பஸ்ஸை முதல் தடவை ஸ்டார்ட் பண்ணுவார்கள் பார், ஒரு இருமல், ஒரு நடுக்கம், நின்றுபோகிற மாதிரி ஒரு இழுப்பு, அப்புறம் பிடித்துக்கொண்டு கடகடவென்று ஓடும், அந்த மாதிரி. அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். குடை ஆடியது. தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர், நல்ல கண்ணிலும், போன கண்ணிலும். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கையில் பல்லை வைத்துக்கொண்டு எப்படிச் சிரிப்பது? கழுவி மாட்டிக்கொண்டு சிரித்தேன். சங்குவும் சிரித்தாள், அப்போதுதான் ஆறு முழுக்க முழித்துக்கொண்டது.

சிரித்து முடித்துவிட்டு அத்தான் குடையை மடக்கிக் கரையில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். தண்ணீரில் இறங்கி வந்து என் மணிக்கட்டிலிருந்து சுருக்கைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டார். யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் மனசால் சொல்லிக்கொடுத்தேன் என்று வைத்துக்கொள். தோளில் போட்டார், ஓரத்தைக் கடித்தார், அவருக்கு எல்லாம் சொந்தப் பல். பெரிய வளைவில் பஸ்ஸைத் திருப்பும்போது எப்படி உடம்பு முழுவதையும் ஸ்டீரிங் பக்கம் சாய்த்து, கையைக் கைமேல் மாற்றி மாற்றித் திருப்புவார், நீ சின்ன வயசில் இன்ஜின்மேல் உட்கார்ந்து பார்த்திருப்பாயே, அதே திருப்பல். ஒரு சுற்று. கை விட்டது. வாய் திறந்தது.

வலை மேலே போய் ஒரு கணம் நின்றது. நிஜமாகவே நின்றது பாப்பா, இதில் ஜரிகை இல்லை. பனியில் இருந்த துளி எல்லாம் நூலில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணிலும் ஒரு வெளிச்சம். விழலாமா வேண்டாமா என்று அது யோசிக்கிற மாதிரி இருந்தது. உலகத்தில் யாருக்கும் எங்கேயும் போக வேண்டிய அவசரம் இல்லாத மாதிரி இருந்தது. பிறகு முழு வட்டமாகத் தண்ணீரில் இறங்கியது, பாயில் குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி. சுற்றி வளையம் வளையமாக ஓடி வந்து எங்கள் முழங்காலைத் தொட்டது. அந்தம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அதை நான் சாதனைக் கணக்கில் சேர்க்கிறேன்.

"கண்ணு சரியில்லேன்னீங்களே இவருக்கு?" என்றாள் கடைசியில்.

"வலையிலதான் இத்தனை கண்ணு இருக்கே, போதாதா?" என்றேன்.

வலையை இழுத்தபோது விரல் நீள வெள்ளி மீன்கள் துள்ளின. அத்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து, ரொம்பச் சின்னதைத் தண்ணீரிலேயே விட்டார். ஒவ்வொன்றை விடும்போதும் உதடு அசைந்தது. மரக்கடை இறங்கு, ஆஸ்பத்திரி இறங்கு என்றுதான் இருக்கும். மீதி மீனை எல்லாம் சங்குவின் கூடையில் போட்டார். அப்புறம் வலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கடல் பக்கம் பார்த்துக்கொண்டே, தெளிவாக, கணீரென்று, சங்கு சாட்சியாகச் சொன்னார்:

"மச்சான், பாப்பாவுக்கு எழுதிடு. நான் எங்கேயும் வரல. இந்தத் தண்ணி, இந்தத் தெரு, நீ, உன் குடை, இது போதும் எனக்கு."

வார்த்தைக்கு வார்த்தை இப்படித்தான். நீ கேட்டது இதுதானே? தன் வாயால் சொல்ல வேண்டும் என்றாய், சொல்லிவிட்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ வரலாம், கட்டாயம் வர வேண்டும், ஆனால் வெறும் கையோடு வந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, வெறும் கையோடு திரும்பிப் போ. அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னை அவர் பார்த்துக்கொள்வார். தினமும் விடியற்காலையில் ஆறு, மத்தியானம் கடை. குடைக்கம்பி வளைக்க அவர் கைக்கு நல்ல பலம் இருக்கிறது. நாற்காலியை ஜன்னலிலிருந்து கொஞ்சம் நகர்த்திப் போட்டிருக்கிறேன். சங்கு மட்டும் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறாள். நான் வீசினது வட்டம் இல்லை, பல்லோடு சேர்ந்ததால் செல்லாது என்று தகராறு பண்ணுகிறாள்.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. லிஃப்ட் நின்றுபோனால் பதறாதே, கதவைத் தட்டு. உனக்கு எப்போதும் நிழல் இருக்கட்டும், குடை ஒடியாதிருக்கட்டும், காற்று உன் பக்கமாகவே அடிக்கட்டும் என்று வாழ்த்துகிற,

உன் மாமா,
குடைக்கடை.

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். கெண்டை சிரித்ததா என்று கேட்டால் சிரித்தது என்றுதான் கடைசி வரை சொல்வேன், அது மாமாவின் உரிமை. எருமையையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் ஒரே ஒரு வரியில் மாமா கொஞ்சம் கை வைத்துவிட்டேன். "நான் எங்கேயும் வரல" என்று அத்தான் சொன்னதாக எழுதினேனே, அது அத்தான் சொன்னது இல்லை. கடையில் உட்கார்ந்து நானே யோசித்தது. முதலில் "மச்சானை விட்டு வரமாட்டேன்" என்று எழுதிப் பார்த்தேன், அது எனக்கே கூச்சமாக இருந்ததால் தண்ணி, தெரு, குடை எல்லாம் சேர்த்தேன். இப்போது பின்கட்டில் அத்தான் வலையை அலசிக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார், ஒவ்வொரு குண்டாகத் துடைக்கிறார், உன் கடிதம் இன்னும் அதே சட்டைப்பையில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இந்தக் கவரை அனுப்ப எனக்குக் கை வரவில்லை. ஆற்றில் அவர் பேசினது நிஜம். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடல் பக்கம் பார்த்ததும் நிஜம். சொன்னது மட்டும் வேறு. "மச்சான், பாப்பா வீட்டுக்கிட்ட தண்ணி இருக்கா?" என்று கேட்டார். நான் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. ஓ, இருக்கே அத்தான், ஜன்னலைத் திறந்தா தண்ணி, எம்மாம் பெரிய தண்ணி, அக்கரையே தெரியாதுன்னு சொல்லிட்டேன். கேட்கும்போதே அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது, நான் வேறென்ன சொல்வது? என்னைப் பற்றி யோசிக்காதே, எனக்குக் கடை இருக்கிறது, பேச சங்கு இருக்கிறாள். நீ வரும்போது பெட்டி கொண்டு வா. வலை வைக்கிற மாதிரி பெரியதாக இருக்கட்டும். வருவதற்கு முன்னால் மட்டும் அக்கம்பக்கத்தில் கொஞ்சம் விசாரித்துப் பார். ஆறு இல்லாவிட்டால் ஏரி, ஏரி இல்லாவிட்டால் ஒரு குளமாவது போதும்.

இருக்கா பாப்பா?